அணித் தேர்வில் வெளியார் கை இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

தேசிய கிரிக்கெட் அணி அறிவிக்கப்பட்டதும் நம் கண் விடுபட்ட பெயரைத்தான் தேடுகிறது. தேர்வில் அரசியலோ பணமோ புகுந்ததா என்று அறிய விரும்புபவர் அந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும். எந்தச் சிபாரிசும் இல்லாமலேயே தேர்வாளர்கள் தவறு செய்வதுண்டு. தேர்வுக்குழு பட்டியலை முடித்த பிறகு அதை நிறுத்தவோ மாற்றவோ யாரால் முடியும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இதற்கு விடை பெரும்பாலும் எழுத்திலேயே இருக்கும். இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, தேசிய அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். 2017 டிசம்பரில் ஒருநாள் தொடருக்காக இந்தியாவுக்குப் புறப்படவிருந்த வீரர்கள், அந்த ஒப்புதல் கிடைக்காததால் திருப்பி அழைக்கப்பட்டார்கள். ஒரு கையெழுத்தின் எடை என்ன என்பது பெட்டியோடு திரும்பியவர்களுக்கு அன்று புரிந்திருக்கும். இந்தியாவில் அமைச்சருக்கு இப்படியோர் இடமில்லை. ஆனால் கிரிக்கெட் வாரியத் தலைவருக்கு இருந்தது. ஆஸ்திரேலியாவில் 4-0 என்று தோற்ற பின், 2012 தொடக்கத்தில் தேர்வாளர்கள் தோனியைத் தலைமையிலிருந்து நீக்க விரும்பியதாகவும், வாரியத் தலைவர் என். சீனிவாசன் அதை ஏற்கவில்லை என்றும் அன்றைய தேர்வாளர் மொஹிந்தர் அமர்நாத் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். சீனிவாசன் தலைமையேற்றிருந்த நிறுவனத்துக்குச் சொந்தமான சென்னை சூப்பர் கிங்ஸ் ஐபிஎல் அணிக்கும் அப்போது தோனிதான் அணித்தலைவர். அந்த மறுப்பு கிரிக்கெட் கணக்கில் சரியாகவே இருந்திருக்கலாம். ஒரே மனிதர் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது. வாரிய நிர்வாகிகள் ஐபிஎல் அணிகளில் வணிக உரிமை வைத்திருக்க வழிவிட்ட, வாரியத்தின் 6.2.4 விதித் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் செல்லாதென்று தீர்ப்பளித்தது.

அடுத்தது பணம். லட்சக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கும் தேசிய அணியில் உறைக்குள் வைத்த பணம் நேராக வேலை செய்வது அரிது என்றே நினைக்கிறேன். பங்கு, முகவர், விளம்பர ஒப்பந்தம் என்ற வழிகளில்தான் அது வரும். ஆகவே தேர்வாளர்களின் பெயர்களை நிறுவனப் பதிவேடுகளில் தேடுங்கள். பாகிஸ்தானின் தலைமைத் தேர்வாளராக இருந்த இன்சமாம் உல் ஹக், வீரர்களின் முகவரோடு சேர்ந்து ஒரு நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பதாகச் செய்தி வந்ததும், 2023 அக்டோபரில், உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே, விசாரணைக்கு வழிவிடுவதாகச் சொல்லிப் பதவி விலகினார். உறைப் பணத்தைத் தேடுவதானால் வயதுவரம்பு அணிகளுக்கும் மாவட்ட அணிகளுக்கும் இறங்க வேண்டும். அங்கே ஒரு பையனுக்குக் கிடைக்கும் முதல் ஆட்டம்தான் மேலே அவனுடைய தகுதிக் கணக்காக மாறுகிறது.

பிறகு ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஆட்சி, அமைச்சர், வாரியத் தலைவர் மாறிய தேதிகளையும், மறுபக்கம் தேர்வுக்குழு மாறிய தேதிகளையும் எழுதுங்கள். பிரதமரே வாரியத்தின் புரவலராக இருக்கும் பாகிஸ்தானில், 2022இல் ஆட்சி மாறிய சில மாதங்களில் வாரியத் தலைவர் ரமீஸ் ராஜாவும் அவரைத் தொடர்ந்து தேர்வுக்குழுவும் மாறியது இந்தத் தாளில் பளிச்சென்று தெரியும். வீரர்களுக்கும் இதே முறைதான். 2010இல் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினரான சனத் ஜயசூரிய, ஓராண்டுக்கு மேல் இலங்கைக்கு ஆடியிராத நிலையில், 42 வயதை நெருங்கியபோது 2011 இங்கிலாந்துப் பயணத்துக்குத் தேர்வானார். ஓவல் மைதானத்தில் ஆடிய கடைசி ஒருநாள் ஆட்டத்தில் 2 ஓட்டங்கள் எடுத்தார்.

அறிவிக்கப்பட்ட கொள்கையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தென்னாப்பிரிக்கா 2016இல் ஒரு பருவத்தின் சராசரியாக அணியில் வெள்ளையரல்லாத வீரர்கள் ஆறு பேராவது, அவர்களில் இருவராவது கறுப்பின ஆப்பிரிக்கர்களாக, இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதை ஏற்கலாம், எதிர்க்கலாம். எல்லோரும் படிக்கும்படி எழுதிவைத்த விதியைக் கொல்லைப்புற வழி என்று சொல்ல முடியாது.

புகார் எழுதும்போது, வாரியத்தைக் கலைக்குமாறு அமைச்சரைக் கேட்பதற்கு முன் யோசியுங்கள். அரசுத் தலையீட்டைக் காரணம் காட்டி, சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி 2019 ஜூலையில் ஜிம்பாப்வேயையும், 2023 நவம்பர் 10 முதல் 2024 ஜனவரி 28 வரை இலங்கையையும் இடைநிறுத்தியது. நடத்தவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையையும் இலங்கை இழந்தது. புகாரில் தேதி, கையெழுத்திட்டவர், அவருக்கும் வீரருக்கும் உள்ள பணத் தொடர்பு ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். வீரரின் சராசரியைச் சேர்த்தால், பதில் எழுதுபவர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போய்விடுவார்.