1914ல ஆரம்பிச்ச முதல் உலகப் போரை தடுத்திருக்க முடியுமா? இப்படி யோசிச்சு பாருங்க

முதல்ல சரயேவோ நகரத்துல டிரைவர் ராங் டர்ன் எடுத்ததால ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டு செத்தாருங்கிற கதையை ஓரமா வைங்க, சுவாரசியம்தான், ஆனா அதுல மாட்டுனா வேற எதுவும் கண்ணுக்கு தெரியாது. ஒரு பேப்பர்ல ஜூலை 23ல இருந்து ஆகஸ்ட் 4 வரை தேதி போட்டு ஒவ்வொரு நாளும் யாரு பிரேக் போட்டிருக்கலாம்னு எழுதுங்க. அந்த கொலைக்கு பின்னாடி செர்பியா இருக்குன்னு ஆஸ்திரியா அவங்களுக்கு நிபந்தனைகள் போட்டு 48 மணி நேர கெடு குடுத்துச்சு, செர்பியா பெரும்பாலானதுக்கு சரின்னுடுச்சு, 28ஆம் தேதி அந்த பதிலை படிச்ச ஜெர்மன் பேரரசர் கைசரே இனி போருக்கு காரணமில்லன்னு எழுதுறாரு, ஆனா அன்னைக்கே ஆஸ்திரியா போர் அறிவிச்சிடுச்சு. 29 ராத்திரி ரஷ்ய பேரரசர் ஜார் முழு படைதிரட்டலை நிறுத்துனாரு, மறுநாளே மந்திரி பேசி மனச மாத்திட்டாரு. இந்த ரெண்டு இடத்தையும் நல்லா நோண்டுங்க. கூட்டணிதான் காரணம்னு யாராவது சொன்னா இத்தாலியை காட்டுங்க, ஜெர்மனி கூட்டணில இருந்துட்டே அப்ப ஒதுங்கிக்கிச்சு.