ஹெல்லா ஹாசே நாவல்களை எந்த வரிசையில படிக்கலாம்

சரித்திர நாவல்னாலே குதிரை, வாள், இளவரசி, சுரங்கப்பாதைன்னு பழகிட்டவங்க அதே எதிர்பார்ப்போட டச்சு எழுத்தாளர் ஹெல்லா ஹாசேகிட்ட போனா முப்பது பக்கத்துல புக்கை மூடி வச்சுடுவாங்க, ஏன்னா இவங்க நாவல்ல சண்டை நடக்கிற நேரத்தை விட சண்டைல தோத்தவன் இருபத்தஞ்சு வருஷம் அடுத்த நாட்டுல உட்கார்ந்து என்ன யோசிச்சான்ங்கிறதுக்குத்தான் பக்கம் அதிகம். அதனால எங்க ஆரம்பிக்கிறோம்ங்கிறது முக்கியம். எழுதின வருஷ வரிசைப்படி போகவே போகாதீங்க, இவங்களுக்கு அது சரிப்பட்டு வராது. டச்சு தெரியாதவங்க ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடுவீங்க, அதனால கூடுமானவரைக்கும் ஆங்கிலத் தலைப்பையே சொல்றேன்.

முதல்ல ஆளைப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க, புக்கு புரியறதுக்கு அது தேவை. 1918 பிப்ரவரி 2-ல பட்டாவியாவுல, அதாவது இன்னைக்கு ஜகார்த்தாவுல, பிறந்தவங்க. அப்பா டச்சு காலனி அரசாங்கத்துல நிதித்துறை அதிகாரி, ரிட்டயர் ஆனப்புறம் வேற பேர்ல துப்பறியும் நாவல் எழுதினவரு (வீட்டுலயே ஒரு கிரைம் ரைட்டர்!). அம்மா பியானோ கலைஞர். அம்மாவுக்கு காசநோய் வந்து சுவிட்சர்லாந்துல சிகிச்சைக்குப் போனதால சின்னப் புள்ளையிலயே கொஞ்ச வருஷம் நெதர்லாந்துல தாத்தா பாட்டிகிட்டயும் விடுதியிலயும் இருந்து, திரும்ப ஜாவாவுக்கு வந்து ஸ்கூல் முடிச்சாங்க. 1938-ல ஸ்காண்டிநேவிய மொழிகள் படிக்க ஆம்ஸ்டர்டாம் போனாங்க, அதை விட்டுட்டு நாடகப் பள்ளியில சேர்ந்தாங்க, அதுக்குள்ள ஜெர்மன் ஆக்கிரமிப்பு வந்துடுச்சு. 1944-ல கல்யாணம். 1945-ல முதல் புத்தகம், அது கவிதைத் தொகுப்பு. 1947-ல மூத்த மக டிப்தீரியா வந்து இறந்துட்டா. அதுக்கு அடுத்த ரெண்டு வருஷத்துலதான் இவங்களைப் பெரிய எழுத்தாளரா ஆக்கின ரெண்டு புத்தகமும் வந்துச்சு.

அதுல சின்னது 1948-ல வந்த 'ஊரூக்', ஆங்கிலத்துல 'தி பிளாக் லேக்'. இதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். நூறு பக்கத்துக்கு முன்னப்பின்ன இருக்கும், ஒரு லீவு நாள் போதும். நெதர்லாந்துல வருஷா வருஷம் புத்தக வாரம்னு ஒண்ணு நடக்கும், புக்கு வாங்கினா ஒரு சின்னப் புத்தகம் பரிசாத் தருவாங்க, அந்த வருஷத்துப் பரிசு இதுதான். அட்டையில எழுதினவர் பேரே கிடையாது, யார்னு வாசகர்கள் கண்டுபிடிக்கணும்னு போட்டி வேற. அப்ப இவங்களுக்கு வயசு முப்பது.

படிக்கும்போது ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, கதை சொல்றவனுக்குக் கடைசி வரைக்கும் பேரே இல்ல. தோட்ட நிர்வாகியோட பையன், டச்சுக்காரன். அவன் கூட்டாளி ஊரூக், அந்தத் தோட்டத்து மாண்டூரோட பையன் (மாண்டூர்னா நம்ம தோட்டங்கள்ல கங்காணி மாதிரி). தலைப்புல இருக்கிறது ஊரூக் பேரு, ஆனா ஊரூக் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு ஒரு இடத்துல கூட நமக்குத் தெரியாது, ஏன்னா சொல்றவனுக்கே தெரியாது. ரெண்டாவது, அந்த ஏரிக் காட்சி. ராத்திரி பெரியவங்க எல்லாம் பார்ட்டி மூட்ல ஏரிக்குப் போறாங்க, தெப்பத்துல ஏறி கூத்தடிக்கிறாங்க, தெப்பம் கவிழுது, சின்னப் பையன் தண்ணிக்குள்ள போயிடறான், அவனைத் தேடி இறங்குற ஊரூக்கோட அப்பா நீர்ச்செடிகள்ல சிக்கி மேல வரவே இல்ல. அதுக்கப்புறம் துரை குடும்பம் ஊரூக்கோட படிப்புச் செலவை ஏத்துக்குது. அந்தப் பணம் அன்பா, கடனா, குற்ற உணர்ச்சியான்னு நாவல் எங்கயும் சொல்லாது, மீதிக் கதை மொத்தமும் அந்தக் கேள்வி மேலதான் நடக்குது. அந்தக் காட்சி வந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தி அதுக்கு முன்னாடி பத்து பக்கத்தைத் திரும்பப் புரட்டுங்க, அந்த ரெண்டு பசங்க பேசிக்கிற விதம் வேற மாதிரி தெரியும்.

பக்கத்துல ஒரு துண்டுச் சீட்டுல நாலு தேதி எழுதி வச்சுக்கோங்க. 1945 ஆகஸ்ட் 17 இந்தோனேசியா விடுதலை அறிவிப்பு, 1947 ஜூலைல முதல் டச்சு ராணுவ நடவடிக்கை, 1948 டிசம்பர்ல ரெண்டாவது, 1949 டிசம்பர் 27 ஆட்சி கைமாறின நாள். புத்தகம் இதுக்கு நட்ட நடுவுல வந்தது. அங்க சண்டை நடந்துக்கிட்டு இருக்கும்போதே இங்க டச்சுக்காரங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து, 'நான் பிறந்த நாட்டுல நான் அந்நியனா'ன்னு கேக்குற ஒருத்தன் கதையைப் படிச்சிருக்காங்க. எல்லாரும் பாராட்டினாங்கன்னு நினைக்காதீங்க. டச்சு-இந்தோனேசியக் கலப்பு சமூகத்து எழுத்தாளர் த்யாலி ராபின்சன் அப்பவே கிழிச்சுட்டாரு, இது உண்மையான ஜாவா இல்ல, வெள்ளைக்காரப் பொண்ணு பார்த்த ஜாவான்னு. எனக்கு அந்த விமர்சனத்துல பாதி நியாயம் இருக்குன்னு தோணும், ஆனா 'அவனை எனக்குத் தெரியவே தெரியாது'ன்னு கதைசொல்லி ஒத்துக்கிற இடத்துலதான் நாவலோட பலமே இருக்கு.

1993-ல இது படமாவும் வந்துச்சு. படத்தை முதல்ல பார்த்துடாதீங்க. அதுல ஹீரோவுக்கு ஜோஹன்னு பேரு வச்சு சிப்பாயா திரும்பி வர மாதிரி காட்டுவாங்க, புக்குல அவன் இன்ஜினியர், ரெண்டும் ரொம்ப வேற.

அடுத்து நாற்பத்தி நாலு வருஷம் தாண்டி குதிக்கணும், 1992-க்கு, 'தி டீ லார்ட்ஸ்'. ஏன் இப்படித் தாவச் சொல்றேன்னா அதே ஜாவா மலை, அதே பிரியாங்கர் பகுதி, ஆனா எழுதுற முறை முழுசா மாறியிருக்கும், ஒண்ணு முடிச்ச கையோட இன்னொண்ணை எடுத்தாத்தான் அந்த மாற்றம் தெரியும். கதை ருடால்ஃப் கெர்க்கோவன்ங்கிற நிஜ ஆளோட கதை. டெல்ஃப்ட்ல படிச்சுட்டு 1871-ல ஜாவா போய், 1873-ல இருந்து பாண்டுங்குக்கு தெக்க கம்புங்ங்கிற இடத்துல காடு மூடிக் கிடந்த பழைய தோட்டத்தைத் தேயிலைத் தோட்டமா மாத்தினவரு. அந்தக் குடும்பம் கட்டுக்கட்டா கடிதம் பாதுகாத்து வச்சிருந்துச்சு, அதை வச்சுத்தான் நாவல். இதுல விஷயம் எதையும் கற்பனை பண்ணல, தேர்ந்தெடுத்து அடுக்கினதுதான் தன் வேலைன்னு புத்தகத்துலயே சொல்லிடறாங்க.

இதைப் படிக்கிறதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு. நோட்டுல ஒரு குடும்ப மரம் போட்டுக்கோங்க, இல்லைன்னா கெர்க்கோவன், ஹோலே, போஸ்ஹான்னு சொந்தக்காரங்க பேர்ல மாட்டிக்குவீங்க, ஆளாளுக்கு ஒரு தோட்டம் வேற, அர்ஜசாரி, சினகர், பராகான்சலாக், மலபார்னு (ஆமா, நம்ம மலபார் பேருதான், ஜாவாவுல). அப்புறம் ருடால்ஃப் பேசும்போது ஒரு கலர் பென்சில், அவர் மனைவி ஜென்னி வரும்போது இன்னொரு கலர்னு ஓரத்துல கோடு போடுங்க. ருடால்ஃப்கிட்ட முக்கால்வாசி விளைச்சல், கணக்கு, தன் குடும்பம் தன்னைச் சரியா நடத்தலைங்கிற புகார். ஜென்னிகிட்ட தனிமை, அடுத்தடுத்து பிரசவம், பிள்ளைகளைப் படிப்புக்காகக் கடல் தாண்டி அனுப்புற பிரிவு. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் வேற வேற கதையில வாழ்ந்திருக்காங்கன்னு அந்தக் கோடுகளைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். 1907-ல ஜென்னியோட முடிவு வரும்போது திடீர்னு வந்த மாதிரி இருக்காது.

ஒரு குறையையும் சொல்லிடறேன். தேயிலைத் தோட்டக் கதைன்னா நாம லயத்துல இருந்து, கொழுந்து பறிக்கிறவங்க பக்கத்துல இருந்து படிச்சுப் பழகினவங்க, இலங்கை மலையக எழுத்து படிச்சவங்களுக்கு இன்னும் அதிகமா உறுத்தும். இந்த நாவல்ல சுந்தானியத் தொழிலாளர்கள் (அந்த மலைப்பகுதி மக்கள்) பின்னணியிலதான் வருவாங்க, கடிதம் எழுதினது துரைமாருங்கிறதால கிடைச்ச சாட்சியமும் அவங்க பக்கத்துதுதான். அந்த இடைவெளியை ஹாசே கற்பனையால நிரப்பல, அது நேர்மையா போதாமையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. கம்புங்ல இப்ப இந்தோனேசியாவோட தேயிலை, சிங்கோனா ஆராய்ச்சி மையம் இருக்கு, மேப்ல தேடிப் பார்த்துட்டு படிச்சா மலை, ஊர் எல்லாம் பிடிபடும்.

இந்த ரெண்டும் முடிஞ்சப்புறம்தான் அந்த குண்டு புக்கு, 1949-ல வந்த 'இன் எ டார்க் வுட் வாண்டரிங்'. பிரான்ஸோட ஓர்லியன்ஸ் பிரபு சார்ல்ஸ் கதை, 1394-ல பிறந்தவரு, அப்பாவை பர்கண்டி பிரபு ஆள் வச்சு பாரிஸ் தெருவுல கொன்னது 1407-ல, இவரு 1415-ல இங்கிலாந்துகூட நடந்த அஜின்கோர்ட் போர்ல பிடிபட்டு இங்கிலாந்துல 25 வருஷம் கைதி, அங்க உட்கார்ந்து எழுதின கவிதைகளாலதான் இன்னைக்கும் பேரு நிக்குது. ஆரம்பம் கஷ்டம், பொய் சொல்லல. ஒரே பேர்ல மூணு நாலு ஆளு வருவாங்க, பைத்தியம் பிடிச்ச ராஜா பேரும் சார்ல்ஸ்தான். விக்கிப்பீடியால வாலுவாங்கிற அந்த பிரெஞ்சு அரச வம்சத்தோட அட்டவணையை மட்டும் பிரின்ட் எடுத்து புக்குக்குள்ள வச்சுக்கோங்க, போர் பத்தின கட்டுரை எதுவும் முன்கூட்டியே படிக்காதீங்க. அவசரப்படுறவங்க முதல் பகுதியில சார்ல்ஸோட அம்மா வாலன்டினாவை மட்டும் பிடிச்சுக்கிட்டு போனா போதும், அரசியல் தானா பின்னாடியே வரும். ஆங்கிலத்துல இது வந்தது 1989-ல, நாற்பது வருஷம் கழிச்சு. மொழிபெயர்த்த லூயிஸ் காப்லான் சிகாகோவுல தபால் துறையில வேலை பார்த்தவரு, புத்தகம் அச்சுல வந்தப்ப அவரு உயிரோட இல்ல.

இது பிடிச்சுப் போச்சுன்னா 'தி ஸ்கார்லெட் சிட்டி' எடுக்கலாம், 1527-ல ரோம் சூறையாடப்பட்டதைச் சுத்தி நடக்குது, தன் அப்பா அம்மா யாருன்னே நிச்சயமில்லாத ஜொவான்னி போர்ஜியாதான் மையம், மைக்கேலாஞ்சலோ, மாக்கியவெல்லி எல்லாம் வந்து போவாங்க. எனக்கு இது கொஞ்சம் நெரிசலா இருந்துச்சு. 'த்ரெஷோல்ட் ஆஃப் ஃபயர்' அதை விடச் சின்னது, அதை விட நல்லதும் கூட, கடைசிக் கால ரோம், கவிஞர் கிளாடியன். டச்சு தெரிஞ்சவங்க 1978-ல வந்த பென்டிங்க் சீமாட்டி புத்தகத்தை விட்டுடாதீங்க, பதினெட்டாம் நூற்றாண்டு நிஜக் கடிதங்களையே கோத்து எழுதினது, தேயிலை நாவலுக்கான ஒத்திகை அங்கதான் நடந்துச்சு.

2002-ல, 84 வயசுல, 'ஸ்லூட்டலோஹ்'னு கடைசி நாவல் எழுதினாங்க. ஜாவாவுல வளர்ந்த ஒரு டச்சுக்காரி, வயசான காலத்துல, சின்ன வயசுத் தோழி டீயைப் பத்தி ஒருத்தர் தகவல் கேட்டு எழுதவும் பழசைக் கிளறுறா, சாவி தொலைஞ்ச ஒரு கருங்காலிப் பெட்டி பக்கத்துல இருக்கு. ஊரூக் படிக்காம இதைத் தொடாதீங்க, படிச்சவங்களுக்கு இது அந்த முப்பது வயசுப் பொண்ணுக்கு அவங்களே எழுதின பதில் மாதிரி இருக்கும். 2004-ல டச்சு மொழியோட ஆகப் பெரிய இலக்கியப் பரிசு கிடைச்சுது, 2011 செப்டம்பர்ல ஆம்ஸ்டர்டாம்ல காலமானாங்க. சுயசரிதைக் கட்டுரைகளைக் கடைசியா வச்சுக்கோங்க, முன்னாடியே படிச்சா ஒவ்வொரு நாவல்லயும் அவங்க வாழ்க்கையைத் தேடிக்கிட்டே இருப்பீங்க, கதை கையை விட்டுப் போயிடும்.