வினிபெக் ஏரியில் படகு இறக்கும் முன்

கனடாவின் மானிடோபா மாகாணத்திலுள்ள வினிபெக் ஏரியை முதன்முறை பார்ப்பவர்களுக்குக் கடல் என்றே தோன்றும். ஏறக்குறைய 24,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஆனால் சராசரி ஆழம் 12 மீட்டர்தான். ‘ஆழமில்லாத ஏரிதானே, என்ன பயம்?’ என்று நினைப்பதுதான் இங்கே மீன்பிடிக்க வருபவர்கள் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஆழம் குறைந்த நீரில் காற்று வீசினால் அலை சீக்கிரம் எழும்பும், நெருக்கமாகவும் வரும். ஒரு அலையில் ஏறிய படகு இறங்கி நிமிர்வதற்குள் அடுத்தது முகப்பில் மோதும். பாக் நீரிணையில் படகேறியவர்களுக்கு இந்தக் குட்டை அலை பழக்கமாக இருக்கும். வினிபெக் ஏரியின் தெற்குப் பகுதியைச் சுற்றித் தாழ்ந்த நிலம். காற்றைத் தடுக்கச் சொல்லிக்கொள்ளும்படி மேடு இல்லை. ஏரியோ வடக்கு தெற்காக 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. வடக்கிலிருந்து வாடைக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் தண்ணீர் தெற்கே குவிந்து, அங்கே நீர்மட்டம் ஒரு மீட்டருக்கு மேல்கூட ஏறிவிடும்.

ஒரு ஜூலை காலையில் கிம்லி துறையிலிருந்து 16 அடி அலுமினியப் படகில் மகளோடு கிளம்பினேன். தண்ணீர் அசையவே இல்லை. பதினொரு மணிக்கு வாடை எழுந்தது. பத்து நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க ஒரு மணி நேரமானது. அவ்வளவு நேரமும் அவள் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தாள். அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் நகரத்து வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கனடாவின் சுற்றுச்சூழல் துறை இந்த ஏரிக்கென்றே காற்று முன்னறிவிப்பு தருகிறது, தெற்கு, வடக்கு என்று பிரித்து. அதில் பலத்த காற்று எச்சரிக்கை 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டரில் தொடங்குகிறது. சின்னப் படகுக்கு அது வரை காத்திருக்கக் கூடாது. காற்று 12 நாட் வேகத்தைத் தாண்டும் என்றால் நான் கரையிலிருந்தே தூண்டில் போடுவேன்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இருக்கிறதே என்று இருக்கைக்கு அடியில் திணித்து வைப்பவர்கள்தான் அதிகம். மே மாதம் பனிக்கட்டி விலகிய கையோடு மீன்பிடிக் காலமும் திறக்கும். அப்போது வெயில் சுள்ளென்று அடித்தாலும் தண்ணீர் உறைநிலையை ஒட்டியே இருக்கும். அதில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம்தான். நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகலாம், ஆனால் அதுவரை மிதக்கவேண்டுமே! அந்தப் பத்து நிமிடத்தில், மிதந்துகொண்டிருக்கும் ஜாக்கெட்டைப் பிடித்து மாட்டிக்கொள்வது நடக்காத காரியம். கரையிலேயே போட்டு, வாரை இறுக்கிவிட்டு ஏறுங்கள். குழந்தைகளுக்கு அவரவர் எடைக்கு ஏற்றது வேண்டும்.

நங்கூரத்தைப் படகின் பின்பக்கத்தில் கட்டுவது இன்னொரு ஆபத்தான பழக்கம். மோட்டாரின் பாரத்தால் அந்தப் பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். நங்கூரமும் இழுத்தால் அலை நேரே உள்ளே வந்து விழும். முன்பக்கத்தில் கட்டி, ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடுங்கள்.

சரி, மீனுக்கு வருவோம். இங்கே எல்லோரும் தேடுவது பிக்கெரல். அமெரிக்காவில் வால்ஐ என்பார்கள். மானிடோபாவில் தூண்டில் முள்ளில் எதிர்முள், அதாவது நுனிக்கருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூர், இருக்கக் கூடாது. புது முள்ளாக இருந்தால் குறடால் எதிர்முள்ளை அழுத்திவிட்டு, ஒரு துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். சிக்காமல் வந்தால் சரி. திரும்ப விடப்போகும் மீனைக் காய்ந்த கையால் பிடிக்காதீர்கள், அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்துவிடும். அதுதான் அதைக் கிருமியிலிருந்து காப்பது. கையை நனைத்து, மீனைக் கிடைமட்டமாகத் தாங்கி, தண்ணீருக்கு மேல் அதிக நேரம் வைக்காமல் விடுங்கள்.

நான் அதிகம் வருந்துவது கரையேறிய பிறகு நடக்கும் தவறுக்குத்தான். 2013இல் இந்த ஏரியில் வரிச்சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்து பெருகி ஏரியைக் கெடுக்கும், விரல்நகம் அளவுள்ள சிப்பி. கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தால் ஓட்டின் கூர் பாதத்தில் கீறும். அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, படகின் அடியில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீரில் ஊர் விட்டு ஊர் போய்விடும். இதைத் தெரியாமல் இதே படகை மறுநாள் வேறு ஏரியில் இறக்குகிறார்கள். படகைத் தண்ணீரை விட்டு எடுத்ததுமே, அடியில் தண்ணீர் வடியும் துளையை அடைக்கும் தக்கையைக் கழற்றுங்கள். மீன்தொட்டி, மோட்டார், இரைவாளி எல்லாவற்றையும் காலி செய்து, பாசியை வழித்தெடுத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

கழற்றிய தக்கையை வண்டிச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைக்கிறேன். அடுத்த முறை படகை இறக்கும்போது அது கையிலேயே இருக்கும்.