கேட்வேயில் சிக்னல் மேப்பிங்: பச்சை விளக்கை நம்பாதீர்கள்

மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் பேசும் மீட்டர்களையும் டிரான்ஸ்மிட்டர்களையும், கேட்வே என்ற மொழிபெயர்ப்புக் கருவி வழியாக, ப்ரொஃபிநெட் நெட்வொர்க்கில் உள்ள பி.எல்.சி.யோடு (இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர்) இணைக்க வரும் புதியவர்கள், இந்தத் தொழிலில் முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். பாட் ரேட், பாரிட்டி, ஸ்லேவ் ஐடி போன்ற தொடர்பு செட்டிங்குகள் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை தவறினால் டேட்டாவே வராது, சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். டேட்டா வந்துகொண்டே கழுத்தறுக்கும் தவறுகள்தான் ஆபத்து.

கடைசி மதிப்பைப் பிடித்து வைத்திருப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். கேட்வேக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒரு பக்கம் ஸ்லேவ்களை (லைனில் உள்ள மீட்டர், டிரான்ஸ்மிட்டர்களை) வரிசையாகக் கேட்டு, வந்த பதிலை மெமரியில் எழுதுகிறது. மறுபக்கம், அந்த மெமரியில் இருப்பதை பி.எல்.சி.க்கு ஓயாமல் அனுப்புகிறது. ஸ்லேவ் செத்தாலும் இரண்டாவது வேலை நிற்காது. ப்ரொஃபிநெட் லிங்க் பச்சையாகவே எரியும். பி.எல்.சி.யின் டயக்னாஸ்டிக்கிலும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அதன் பார்வையில் கேட்வே நலமாக இருக்கிறது.

ஒரு சாயப்பட்டறையில் தண்ணீர்த் தொட்டியின் லெவல் இப்படித்தான் வந்துகொண்டிருந்தது. இரவில் மோட்பஸ் போகும் ஆர்.எஸ்.-485 ஒயர் டெர்மினலிலிருந்து கழன்றுவிட்டது. திரையில் 62.4 சதவீதம் அப்படியே நின்றது. ஆபரேட்டருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. லோ லெவல் கட்-ஆஃப் வேலை செய்யவில்லை. தொட்டி காலியான பிறகும் பம்ப் ஓடி, மெக்கானிக்கல் சீல் எரிந்துபோனது. கான்ஃபிகரேஷனைத் திறந்து பார்த்தால், தொடர்பு போனால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ‘கடைசி மதிப்பை வைத்திரு’ என்ற டீஃபால்ட்டை யாரும் தொடவே இல்லை.

சரி, பூஜ்யமாக்கு என்று மாற்றினால் போதுமா? போதாது. லெவலுக்குப் பூஜ்யமும் ஒரு நிஜ மதிப்புதான். தொட்டியை நிரப்பும் லாஜிக் அதை நம்பி வால்வைத் திறந்துவிட்டால், தொட்டி வழியும். ஒவ்வொரு ஸ்லேவுக்கும் உள்ள தொடர்பு ஸ்டேட்டஸ் பிட்டையும் (அது பதில் தருகிறதா என்று சொல்லும் பிட்) டேட்டாவோடு சேர்த்து பி.எல்.சி.க்குப் போகும்படி மேப் செய்யுங்கள். அந்த பிட் விழுந்தால் பம்ப் நிற்கட்டும், அலாரம் அடிக்கட்டும், திரையில் எண்ணுக்குப் பதில் கோடு வரட்டும். அப்புறம், ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு ஸ்லேவின் ஒயரையும் கையால் கழற்றி, அலாரம் வருகிறதா, எத்தனை செகண்டில் வருகிறது என்று பாருங்கள். நேரமில்லை என்று சொல்லி இதைத் தவிர்ப்பவர்களிடம் நான் கையெழுத்து போடுவதில்லை.

வேர்டு வரிசை

32 பிட் ஃப்ளோட் (தசம எண்) இரண்டு ரிஜிஸ்டர்களில் வரும்; ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது ஒரு வேர்டு. எது முதலில் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். 50.00 ஹெர்ட்ஸ் என்பது 4248, 0000 என்ற இரண்டு ஹெக்ஸ் வேர்டுகள். இடம் மாறினால் திரையில் 0.00 தெரியும், ஒயரில்தான் கோளாறு என்று ஆள் அலைவார். அதே மீட்டர் 49.98 காட்டும்போது, பத்தின் 26-ஆம் அடுக்கைத் தாண்டும் ஒரு மைனஸ் எண் வந்து நிற்கும். மதிப்பு இப்படிப் பூஜ்யத்துக்கும் பூதாகரமான எண்ணுக்கும் தாவினால் முதலில் வேர்டு ஸ்வாப்பை மாற்றிப் பாருங்கள்.

40001

மீட்டர் மேனுவலில் ரிஜிஸ்டர் எண் 40001 என்றால் லைனில் போகும் முகவரி 0. உங்கள் கேட்வே இந்த இரண்டில் எதை எதிர்பார்க்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேலிங்

வந்த எண்ணை நிஜ அளவாக மாற்றும் கணக்கு ஒரே இடத்தில் மட்டும். பி.எல்.சி.யில் செய்வதே நல்லது.

டைம்-அவுட்

ஒரு செகண்ட் டைம்-அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்), மூன்று ரீட்ரை (மறுமுயற்சி) என்று வைத்தால், செத்த ஸ்லேவ் ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் நான்கு செகண்டைத் தின்னும். அதே லைனில் நன்றாக இருக்கும் மீட்டர்களின் மதிப்பும் அதனால் தாமதமாகும். பெரும்பாலான மீட்டர்களுக்கு 200 அல்லது 300 மில்லிசெகண்ட் போதும். மேனுவலில் உள்ள பதில் நேரத்தைப் பார்த்து வையுங்கள்.