பெட்ரோல் டியூப் நுனியில் கசிகிறதா?

பைக்கில் பெட்ரோல் டேப்போடு டியூப் சேரும் இடத்தில் கசிந்தால், புது டியூப் வாங்கும் முன் பழையதன் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும்.

டேப்பின் மூக்கில், அதாவது டியூப் மாட்டும் சிறு குழாயில் ஏறி, வருடக்கணக்கில் விரிந்தபடியே இருப்பது அந்த நுனி மட்டும்தான். எஞ்சின் சூட்டில் அது விறைத்துப்போவதால், கிளிப் போட்டாலும் பிடிப்பதில்லை. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் முடி போல மெல்லிய வெடிப்பு தெரியும். அடுத்த பகுதி இன்னும் மிருதுவாக இருக்கும், நன்றாகக் கவ்விக்கொள்ளும். பழைய நுனி வர மறுத்தால் முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம், மூக்கு உடைந்தால் செலவு டேப்புக்குப் போய்விடும். பிளேடால் நீளவாக்கில் லேசாகக் கீறினால் தானே கழன்று வரும். இதெல்லாம் டேப்பை மூடி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான். பக்கத்தில் நெருப்பு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது.

வெட்டியபின் டியூப் விறைப்பாக இழுபட்டு நின்றாலோ, வளைத்தால் நடுவிலும் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றுவதுதான் வழி. கார்புரேட்டரில் மிஞ்சும் பெட்ரோல் வெளியேறும் ஓவர்ஃப்ளோ டியூபில் சொட்டினால் இந்த வேலைக்கே இடமில்லை, அங்கே பார்க்க வேண்டியது உள்ளே பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவையையும் அதன் ஊசியையும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இதை முயலவே வேண்டாம். அதில் பம்ப் அழுத்தத்தோடு பெட்ரோல் பாய்கிறது. அந்த ஹோஸும் அதன் இணைப்பும் வேறு வகை.