தராசும் தண்ணீரும் போதும், உலோகம் எதுவென்று தெரிந்துவிடும்

கோணல்மாணலான ஒரு பொருளின் கன அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். முதலில் பொருளை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தராசின் மேல் பாதி டம்ளர் தண்ணீரை வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

நூலைக் கையில்தான் பிடித்திருக்கிறோம், ஆனாலும் தராசு எண் காட்டும்! தண்ணீர் பொருளை எவ்வளவு மேலே தள்ளுகிறதோ, அதே அளவு பொருளும் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. அந்த எண் இடம்பெயர்ந்த தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், கன அளவும் அதுவே.

எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 86 கிராம் போல்ட் ஒன்று 11 காட்டினால் விடை சுமார் 7.8, அதாவது இரும்பு அல்லது எஃகு. அலுமினியம் 2.7, செம்பு 8.96, வெள்ளி 10.5, தங்கம் 19.3. ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளைத் தட்டிவிட மறக்காதீர்கள். மோதிரம் மாதிரிச் சின்னப் பொருளுக்கு 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும்.