சக நடுவரிடம் எப்போது கேட்பது: பேஸ்பால் நடுவர்களுக்கு

தீர்ப்பளித்த நடுவர் தாமே கேட்டாலன்றி மற்றொரு நடுவர் அதில் தலையிடக் கூடாது என்று பேஸ்பால் விதிப்புத்தகத்தின் 8.02 ஆம் பிரிவு சொல்வதால், உதவி நாடும் பொறுப்பு முழுவதும் உங்களுடையதே.

அரைவீச்சில், அதாவது மட்டையாளர் மட்டையை வீசத் தொடங்கிப் பாதியில் நிறுத்தும்போது, ஐயமே வேண்டாம். மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் நடுவராக நீங்கள் 'பால்' (மட்டையாளர் வீசாமல் விட்ட, உரிய எல்லைக்கு வெளியே சென்ற பந்து) என்று அறிவித்த பிறகு கேட்சரோ (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) மேலாளரோ கோரினால், பேஸ் (ஓட்டக்காரர்கள் தொட வேண்டிய இடம்) அருகே நிற்கும் நடுவரிடம் கேட்டே ஆக வேண்டும். வலக்கை மட்டையாளருக்கு முதல் பேஸ் நடுவரும் இடக்கை மட்டையாளருக்கு மூன்றாம் பேஸ் நடுவரும் பதில் சொல்வார்கள். 'ஸ்ட்ரைக்' (மட்டையாளருக்கு எதிராக எண்ணப்படும் பந்து) என்று அறிவித்திருந்தால் இந்தக் கோரிக்கைக்கு இடமில்லை.

முதல் பேஸில் தடுப்பாளரின் கால் பேஸை விட்டு விலகியதா, ஓட்டக்காரரைத் தொட்ட கையுறையிலிருந்து பந்து நழுவியதா, அடித்த பந்து மட்டையாளர் நிற்பதற்கான கட்டத்துக்குள் நின்ற மட்டையாளரின் காலிலேயே பட்டதா என்பவற்றில் உங்கள் பார்வை மறைக்கப்பட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள். ஆனால் ஓட்டக்காரரும் பந்தும் ஏறக்குறைய ஒரே கணத்தில் வந்து சேர்ந்த நெருக்கமான ஆட்டத்தை நீங்களே தெளிவாகக் கண்டிருந்தால், மேலாளரின் கூச்சலைத் தணிப்பதற்காக மட்டும் கேட்பது, என் கருத்தில், இரு அணிகளுக்கும் இழைக்கும் அநீதி.

அந்தப் பந்தின் ஆட்டம் ஓய்ந்த பின், வீரர்களை விலக்கி, இருவரும் தனியே பேசுங்கள். "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள், இறுதித் தீர்ப்பை நீங்களே அறிவியுங்கள்.